கிளமென்ட் இல்லம், சித்தூர்

மனிதன் செய்த குற்றம் அவனை எங்கெங்கெல்லாம் பின்தொடர்ந்து வரும் என்று போதகர் தியோடர் விளக்கிக்கொண்டிருந்த அதே வேளையில், மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்த கிளமென்டின் சட்டைப்பையில் கைப்பேசி நடுங்கத் தொடங்கியது.

ஒருமுறை நடுங்கி ஓய்ந்திருந்தால் அவர் பொருட்படுத்தியிருக்க மாட்டார். அது ஓயவில்லை. வாரக்கணக்காக வராமல் எங்கோ தேங்கிக் கிடந்த காலை வணக்கங்கள், பிறந்தநாள் வாழ்த்துகள், யாரோ அனுப்பிய ரோஜாப்பூக்கள் எல்லாம் அணை உடைந்தாற்போல் வந்து விழுந்தன. கிளமென்ட் தம் கைப்பேசிக்கு டேட்டா போடுவதில்லை. பேசுவதற்கு மட்டுமே பணம் கட்டுவார். அப்படியிருக்க இவை எந்த வழியாக வந்தன?

கைப்பேசியை மடியில் மறைத்து வைத்துப் பார்த்தார். திரையின் மேல்பகுதியில் 'இணைக்கப்பட்டது' என்று இருந்தது. அதன் கீழே ஒரு பெயர்.

'கிளமென்ட் இல்லம் சித்தூர்.'

திருப்பதியில், தேவாலயத்துக்குள், மின்விசிறிகள் கிறீச்சிடும் அந்தப் புழுக்கத்தில் அவர் முதுகுத்தண்டு சில்லிட்டது. சித்தூர் வீட்டு இணைப்பின் பெயர் அது. அந்த வீட்டை அவர் காலிசெய்து மாதம் ஒன்றுக்கு மேல் ஆகிறது.

பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞன் முன்னால் சாய்ந்து கிசுகிசுத்தான். "இன்னா ஐயா, சர்ச்சுக்கு உங்க பேர்ல வைஃபை போட்டுட்டீங்களா? பூட்டு போட்டிருக்குதே. பாஸ்வேர்டு சொல்லுங்க."

"பிரசங்கத்தைக் கேளுப்பா" என்றார் கிளமென்ட். கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் திணித்தார்.

கிளமென்ட் முப்பது ஆண்டுகள் கூட்டுறவுச் சங்கங்களில் தணிக்கையாளராக இருந்தவர். அவர் வருகிறார் என்றால் எண்ணெய்ச் செக்குச் சங்கம் முதல் பால் சங்கம் வரை காரியதரிசிகளுக்குக் காய்ச்சல் வரும். அத்தகைய மனிதர், ஓய்வுபெற்ற பின், சித்தூரில் ஓர் இணைய நிறுவனத்திடம் இணைப்பு வாங்கினார். மோடம் இலவசம், பொருத்துவது இலவசம், ஆனால் ஓராண்டுக்கு விலகக் கூடாது, விலகினால் அதற்கான தொகையைக் கட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். அவரே படித்துக் கையெழுத்திட்டார். இணையம் மின்னல் வேகத்தில் வரும் என்றார்கள். அது நத்தையிடம் பாடம் படித்தது போல் வந்தது. குறை இருந்தால் எழுதிக் கேட்க வேண்டும். முறிப்பதானால் கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டு முறிக்க வேண்டும். பிறருக்கு இதையே சிவப்பு மையில் எழுதிய கை, தனக்கென்று வந்தபோது பேனாவைத் தொடவில்லை. ஆண்டு பாதிகூட ஆகாத நிலையில் திருப்பதிக்குக் குடிபெயர்ந்தார். மோடத்தைச் சுவரிலேயே விட்டுவிட்டுச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்தார். நிறுவனத்துக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மனைவி ஹன்னாவிடம் மட்டும், "கணக்கை ஒழுங்கா முடிச்சுட்டேன்" என்று சொல்லியிருந்தார். அது பொய்.

நிறுவனத்திலிருந்து நந்திதா என்ற பெண் தொலைபேசியில் பேசினாள். "சார், ஒரு வருஷம் முடியலை. எக்ஸிட் சார்ஜ் கட்டி, மோடம் குடுத்துடுங்க, க்ளோஸ் பண்ணிடலாம். லேதண்டே, கட்டலைன்னா, உங்க பேரு கெட்டுப் போயிடும். எந்த ஊருக்குப் போனாலும் அது உங்க பின்னாடியே வரும் சார்."

"வரட்டுமே, பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

இப்போது அது வந்திருந்தது.

அது வந்த நேரமும் பொல்லாத நேரம். பிரசங்கம் முடிந்ததும் போதகர் அறிவித்தார்: "அடுத்த ஞாயிறு நம்ம சபைக்குப் புதுப் பொருளாளரைத் தெரிந்தெடுக்கிறோம். நாணயத்துக்குப் பேர்போன நம்ம கிளமென்ட் ஐயாவோட பேரை மூப்பர்கள் எல்லாரும் ஒருமனதா முன்மொழிஞ்சிருக்காங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தனர். பொருளாளர் பதவி கிளமென்டின் வெகுநாள் கனவு. சித்தூர்ச் சபையில் இரண்டுமுறை கைநழுவிப் போனது. அவர் புன்னகைக்க முயன்றார். சட்டைப்பையில் கைப்பேசி மறுபடியும் ஒருமுறை நடுங்கிற்று.

வீட்டுக்கு வந்தபோது பெயரும் வீட்டுக்கு வந்தது.

கிளமென்ட் மின்மீட்டர்ப் பெட்டியைத் திறந்து பார்த்தார். பரண்மேல் ஏறிப் பார்த்தார். அரிசி டப்பாவுக்குள் கைவிட்டுத் துழாவினார். தணிக்கையாளரின் கண்ணுக்குத் தப்பும் மூலை அந்த வீட்டில் ஏற்கெனவே கிடையாது. ஆயினும் இன்னொருமுறை தணிக்கை நடந்தது.

"இன்னா தேடிக்கினு இருக்கீங்க?" என்று ஹன்னா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ ஒரு கலக்கம்.

"ஒண்ணுமில்ல. எலி."

"அரிசி டப்பாவுலயா?"

"எலிக்கு வேற எங்க வேலை?"

ஹன்னா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சித்தூரில் அவள் ஒரு டேப்லெட்டில் கேக் அலங்கார வகுப்புப் பார்த்து வந்தாள். மகள் ஜெமிமா வாங்கித் தந்த, சிம் போடாத டேப்லெட் அது. கடவுச்சொல் தட்டவெல்லாம் ஹன்னாவுக்குத் தெரியாது. பழகிய பெயரைக் கண்டால் அதுவே ஒட்டிக்கொள்ளும். திருப்பதிக்கு வந்த அன்றே, "இனிமே இந்த வீட்டுக்குள்ள இண்டர்நெட்டுங்கற பேச்சே கூடாது" என்று கிளமென்ட் ஆணையிட்டார். ஹன்னா ஒரு சொல்கூட எதிர்த்துப் பேசவில்லை. மனைவி இத்தனை எளிதில் ஒப்புக்கொண்டது அவருக்குப் பெருமையாகவே இருந்தது.

அன்று மாலை அவர் தம் பைபிளை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். முந்தின நாள் சத்தியவேட்டிலிருந்து வந்திருந்த ஜெமிமா, அதற்கொரு புது ஜிப் உறை வாங்கி வந்திருந்தாள். தோல் போன்ற தடித்த உறை. பையும் பைக்குள் பையுமாக இருந்தது. மூக்குக்கண்ணாடி, காணிக்கை உறைகள், பல புத்தாண்டுகளின் வாக்குத்தத்த அட்டைகள் எல்லாவற்றையும் அவளே அடுக்கித் தந்துவிட்டுத் தொழிற்சாலை வேலைக்குத் திரும்பிப் போயிருந்தாள். வேதத்தை ஒரு கையிலும் கைப்பேசியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு கிளமென்ட் ஜெபித்தார்.

கண்ணைத் திறந்து பார்த்தார். அதுவரை இரண்டு கோடுகளாக இருந்த அலை, இப்போது முழுக் கோடுகளாக நிறைந்திருந்தது.

வேதத்தைக் கண்டதும் பிசாசு சீறுகிறது என்று அவர் புரிந்துகொண்டார். அன்று முதல் பைபிள் இல்லாமல் அவர் வாசற்படி தாண்டவில்லை.

படுக்கப் போகுமுன் ஹன்னா வந்து நின்றாள். "அந்த பைபிளைக் குடுங்க. சமையல் ரூம்ல உக்காந்து ஒரு அதிகாரம் படிக்கிறேன்."

"உன்னுது எங்க?"

"உங்களுதுல எழுத்து பெருசு."

மனைவிக்குத் திடீரென்று வந்த பக்தி அவர் கண்ணைக் கலக்கியது. கொடுத்தார். விடியற்காலையில் மேசைமேல் இருந்த பைபிளைத் தொட்டவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். உறை வெதுவெதுப்பாக இருந்தது. இப்போதுதான் யாரோ மடியில் வைத்திருந்து எழுந்து போனதுபோல் ஓர் இளஞ்சூடு.

மறுநாள் அவர் கைப்பேசி எண்ணை மாற்றினார். நந்திதாவின் அழைப்புகள் நின்றன, பெயர் நிற்கவில்லை. அதோடு, சபை மூப்பர் ஒருவர் பழைய எண்ணுக்கு அழைத்து அழைத்துச் சலித்து, "பொறுப்புக் குடுக்குமுன்னே நம்பரை மாத்திட்டாரே, இன்னா விஷயம்?" என்று நாலு பேரிடம் கேட்டுவைத்தார்.

ஆகவே வேரிலேயே வெட்டிவிடுவது என்று முடிவுசெய்து கிளமென்ட் சித்தூருக்குப் புறப்பட்டார்.

"பஸ்ஸுல போறதுக்கு பைபிள் எதுக்குங்க?" என்றாள் ஹன்னா, ஏறத்தாழக் கெஞ்சும் குரலில். "வீட்ல வச்சுட்டுப் போங்களேன். எங்க போனாலும் அதையே தூக்கிக்கினு போனா..."

"போனா இன்னா?"

"ஒண்ணுமில்ல. எனக்கு இங்க பொழுதே போவலை."

பேருந்தில் பக்கத்து இருக்கை மாணவி கைப்பேசியைப் பார்த்துவிட்டு, "கிளமென்டுங்கறது யாரு அங்கிள்?" என்றாள். "தெரியாதும்மா" என்றார். நடத்துநர் தம் கைப்பேசியை ஆட்டி, "இந்த பஸ்ஸுல கிளமென்டு எவரு?" என்று கத்தினார். கிளமென்ட் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முன்னிருக்கைக்காரர் நேராகவே, "மீரேனா சார்? நீங்கதானா அது?" என்று கேட்டார். "நான் இல்லைங்க, அந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாது" என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை. பின்னிருக்கையில் ஒருவர் கூடையில் வைத்திருந்த சேவல் கூவியது.

கிளமென்ட் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார்.

சித்தூரில் வீட்டுக்காரர் செங்கல்வராயன் வாசலிலேயே இருந்தார். வீடு இன்னும் காலியாகவே கிடந்தது. உள்ளே நுழைந்ததும் அவர்களுடைய காலடி ஓசை வெற்றுச் சுவர்களில் மோதித் தாமதமாகத் திரும்பி வந்தது.

"மோடமா சார்? கம்பெனிக்காரன் வந்து வெளிய கம்பத்துலயே ஒயரை வெட்டிட்டுப் போயிட்டான். நான்தான் கழட்டி அலமாரியில போட்டேன். வீட்டுக்குக் கரண்டும் நிறுத்தி வச்சிருக்கேன்."

அலமாரியைத் திறந்தார். தூசிக்கு நடுவே, அறுந்த வால்போல் ஒரு முழ ஒயரைத் தொங்கவிட்டுக்கொண்டு மோடம் கிடந்தது. ஒரு பல்லி அதன்மேலிருந்து இறங்கி ஓடியது. விளக்குகள் எல்லாம் அவிந்திருந்தன.

கிளமென்ட் பைபிளை இறுக அணைத்துக்கொண்டு கைப்பேசியை அதன் அருகில் நீட்டினார்.

'கிளமென்ட் இல்லம் சித்தூர்.' முழுக் கோடுகள்.

செங்கல்வராயன் தம் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். அதிலும் அதுவே. "ஓரி தேவுடா!" என்று இரண்டடி பின்வாங்கினார். "சார், காலையில கூடப் பாத்தேனே, இந்த பேரு இல்லியே! நீங்க உள்ள வந்தப்புறம்தான் சார் வருது!"

"கரண்டு இல்லைன்னு சொன்னீங்களே?"

"இல்லவே இல்ல சார்! செத்த மிஷின் சார் அது! உங்களைப் பாத்துதான் கண்ணு முழிச்சிருக்குது!" அவர் ஒரு கோணிப்பையை வீசினார். "இதை எடுத்துக்கினு போயிடுங்க. நாளைக்கு வேற ஆளுங்க வீடு பாக்க வராங்க. உங்க கணக்கை உங்களோட வச்சுக்கோங்க."

கிளமென்ட் கோணிப்பையோடு பேருந்து ஏறினார். அந்தச் சனியனை வீட்டுக்குக் கொண்டுபோக மனம் ஒப்பவில்லை. சந்திரகிரியில் இறங்கி, சுவர்ணமுகி ஆற்றுப் பக்கம் நடந்தார். ஆற்றில் நீர் இல்லை, கண்ணுக்கெட்டியவரை மணல். முழங்கால் மடித்து, கையாலேயே குழி தோண்டி, மோடத்தை உள்ளே வைத்து மூடினார். பழக்க தோஷத்தில் அடக்க ஆராதனையின் முதல் வரி வாயில் வந்துவிட்டது. யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பினார். காற்றில் நாணல்கள் மட்டும் ஒன்றையொன்று பார்த்துத் தலையசைத்தன.

எழுந்து மணலைத் தட்டிவிட்டுக் கைப்பேசியைப் பார்த்தார். பெயர் இருந்தது. புதைத்த பிறகும் இருந்தது.

இனிக் கட்டிவிடுவது ஒன்றே வழி. மறுநாள் பைபிளும் கையுமாகத் திருப்பதியில் உள்ள நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனார். மேசைக்குப் பின்னால் இருந்தவள் அதே நந்திதா. தொலைபேசியில் பயங்கரமாகத் தோன்றியவள், நேரில் தயிர்சாதம் தின்றுகொண்டிருந்த ஒரு சிறு பெண்.

"சந்தோஷம் சார்" என்று டப்பாவை மூடினாள். "மோடம் கொண்டாந்தீங்களா?"

"மோடம்... கொடுத்தே ஆகணுமா?"

"குடுக்கலைன்னா அதுக்குத் தனியா கட்டணும் சார். அது கம்பெனிப் பொருள்."

கிளமென்ட் ஆட்டோ பிடித்துச் சந்திரகிரிக்கு ஓடினார். ஆற்றங்கரையில் நின்று பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் புதைத்த இடத்தில் ஒரு கிணறு அளவுக்குப் பள்ளம். மணல் டிராக்டர் ஒன்று குலுங்கிக் குலுங்கிக் கரையேறிக்கொண்டிருந்தது. எந்த வீட்டுச் சுவரின் பூச்சுக்குள் அந்த மோடம் போய்ச் சேரப்போகிறதோ என்று எண்ணியபோது அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

திரும்பி வந்து, விலகியதற்கும் கட்டினார், மோடத்துக்கும் கட்டினார். நந்திதா முத்திரை குத்திக் கொடுத்தாள். "முடிஞ்சிருச்சு சார். இனிமே உங்க பேருக்கு ஒரு கெடுதலும் இல்ல."

"அப்படின்னா இது இன்னாம்மா?" என்று கைப்பேசியை நீட்டினார் கிளமென்ட்.

அவள் பார்த்தாள். தன் கைப்பேசியையும் எடுத்துப் பார்த்தாள். கணினியில் எதையோ தட்டிப் பார்த்தாள். பிறகு நாற்காலியை மெல்லப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

"இது மாதி காது சார்."

"தமிழ்ல சொல்லும்மா."

"எங்களுது இல்ல சார்" என்றாள், குரல் தாழ்ந்து. "உங்க கனெக்ஷன் போன மாசமே செத்துப் போச்சு."

சனிக்கிழமை மாலை அவர் போதகரின் காலில் விழாத குறையாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். போதகர் தியோடர் தாடையைத் தடவிக்கொண்டார்.

"பணத்தைத்தான் கட்டியாச்சே ஐயா" என்றார் கிளமென்ட்.

"கம்பெனிக்குக் கட்டினீங்க. சபை உங்களை நாணயஸ்தன்னு நம்பிக்கினு இருக்குதே, அதுக்கு இன்னா கட்டினீங்க? நாளைக்கு எழுந்து நின்னு சொல்லிடுங்க."

"சொன்னா பொருளாளர்?"

"அது சபையோட இஷ்டம்."

அன்று படுக்கப் போகும்போது ஹன்னா வழக்கம்போல் கையை நீட்டினாள். "பைபிளைக் குடுங்க."

"இன்னைக்கு இது என் நெஞ்சு மேலதான் இருக்கும்."

"ஒரே ஒரு அதிகாரங்க!"

"மனப்பாடமா சொல்றேன், கேளு."

"கண்ணாலே படிச்சாத்தாங்க எனக்குத் திருப்தி!"

கொடுக்கவில்லை. இரு கைகளையும் உறையின்மேல் கோத்துக்கொண்டு, சவப்பெட்டிக்குள் கிடப்பவர் போல் மல்லாந்து உறங்கிப்போனார். இருமுறை யாரோ அவருடைய விரல்களைப் பிரிக்க முயல்வதுபோல் கனவு கண்டார். இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

ஞாயிறு காலை ஆலயம் நிறைந்திருந்தது. முதல் பேருந்தில் வந்து இறங்கிய ஜெமிமா, தாயின் அருகில் அமர்ந்திருந்தாள். பொருளாளர் தேர்வு என்று போதகர் சொன்னதும் கிளமென்ட் எழுந்து, பைபிளோடு முன்னே போய் நின்றார்.

"சகோதர சகோதரிகளே! உங்க போன்ல ஒரு பேரு தெரியுதே, அது என் பேர்தான். நான் ஒரு கம்பெனியை ஏமாத்திட்டு ஓடி வந்தவன்..."

சொன்னார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். மனைவியிடம் சொன்ன பொய்யையும், பேருந்தில் தம்மையே தெரியாதென்று சொன்னதையும், ஆற்று மணலையும் சொன்னார். ஹன்னா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்குவதைக் கண்டார். அழுகிறாள் என்று எண்ணிக்கொண்டார்.

"...இந்தப் பதவிக்கு நான் லாயக்கு இல்ல. என்னை மன்னிச்சிடுங்க."

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு கூச்சல் கிளம்பியது. "ஐயா! பேரு போச்சு!"

நூறு கைகள் நூறு கைப்பேசிகளை எடுத்தன. "எனக்கும் காணோம்!" "இப்பதான் பாத்தேன், இருந்திச்சு!" "சொல்லி முடிச்ச அதே நிமிஷம்!" கிளமென்ட் தம் கைப்பேசியைப் பார்த்தார். பட்டியல் வெறுமையாக இருந்தது. வாரம் முழுவதும் அவர் மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போய்விட்டது.

"அல்லேலூயா!" என்று போதகர் கைகளை உயர்த்தினார். ஆலயம் அதிர்ந்தது. அதே அதிர்வில் பொருளாளர் தேர்வும் முடிந்தது. மறுப்புச் சொல்ல ஒருவரும் இல்லை. "இந்தச் சாட்சியை அச்சடிச்சு, சித்தூர் முதல் ரேணிகுண்டா வரைக்கும் ஒவ்வொரு சபைக்கும் அனுப்பணும்! அடுத்த வாரம் நீங்களே போய் ஒவ்வொரு ஊர்லயும் சொல்லணும்!"

கிளமென்ட் கண்ணீரோடு தம் இருக்கைக்கு வந்து அமர்ந்தார். முகத்தில் ஒளி வீசியது. ஜெமிமா மெல்ல நகர்ந்து அவர் காதருகே குனிந்தாள்.

"நைனா, அந்த பைபிளை இப்படிக் குடுங்க, உறைக்குள்ள பழைய பேர்லயே நான் வச்ச வைஃபை டப்பாவுக்கு அம்மா நேத்து ராத்திரி சார்ஜ் போடலியாம்."